பிறை கண்டவர்

கண்ணாடிக் கடைக்கு அடுத்த கடையில் ஒரு மனிதர் உட்கார்ந்துகொண்டு, படியேறுகிறவர்களையெல்லாம் நிறுத்தி, "இந்த வயசிலயா கண்ணாடி? போட்டா கண்ணு சோம்பேறியாப் போகும், பாத்துக்கங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தால் அந்தக் கண்ணாடிக் கடைக்காரனுக்கு எப்படி இருக்கும்? எனக்குப் பல வருடம் அப்படித்தான் இருந்தது. மாத்தளை டவுனில் மூக்குக்கண்ணாடி விற்றுப் பிழைத்த எனக்குக் கர்த்தர் பார்த்துக் கொடுத்த அயலவர் அவர். சாதிக்காயும் கராம்பும் மிளகும் வாங்கி விற்கிற கடை. தெருவே அவரை நானா, அதாவது அண்ணன், என்றது. நானும் நானா என்றேன். பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் இன்றைக்கும் எங்கிருந்தோ படித்துவிட்டு, "தம்பி, மூணாவது வரியில பிழை ஈக்கி" என்று, இருக்கு என்பதை ஈக்கி என்கிற அவருடைய பேச்சோடு வந்து நிற்பாரோ என்று ஒரு பயம்.

நானாவுக்கு அவருடைய கண்களின் மேல் அப்படி ஒரு பெருமை. சிலருக்குப் பிள்ளைகள் மேல் இருக்கும், சிலருக்குக் காணி மேல் இருக்கும். இவருக்குக் கண். பல்லேபொல பக்கமிருந்து த்ரீவீலரில் மூட்டை வந்து இறங்கினால் கையை உள்ளே விடமாட்டார். வாசலில் நின்று ஒரு பார்வை. "அடியில ஈரம் ஈக்கி. தலையில்லாத கராம்பும் கலந்தீக்கி. என்ட கண்ணு பொய் செல்லாது." பாதி நேரம் அது சரியாக இருக்கும். மீதி நேரம் அவருடைய சத்தத்துக்குப் பயந்து மூட்டைக்காரர்களே சரி என்று சொல்லிவிடுவார்கள். தான் பிழைவிட்டதாக அவருக்கு யாரும் சொன்னதே கிடையாது. அதனால் அவர் பிழைவிடாத மனிதராகவே அறுபது வயதைத் தாண்டிவிட்டார்.

எனக்குப் பிடிபடாத விஷயம் ஒன்று இருந்தது. நாற்பது தாண்டினால் கண்ணுக்குள் இருக்கிற வில்லை மெல்ல மெல்ல இறுகிப்போகும். பிறகு கிட்ட இருக்கிற எழுத்து தெரியாது. எங்கள் குருவானவருக்கும் தெரியாது, தோட்டத்துத் துரைக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. என் தொழிலே அந்த ஒரு நம்பிக்கையில்தான் ஓடுகிறது. ஆனால் இந்த மனிதர் பேப்பரின் மரண அறிவித்தல்களைக் கண்ணாடி இல்லாமல் படிப்பார். அதுவும் என் கடை வாசலில் நின்று, என் வாடிக்கையாளர்களுக்குக் கேட்கும்படி சத்தமாகப் படிப்பார். படித்து முடித்துவிட்டுத் தலையைத் தூக்கி, தெருக்கோடியில் திரும்புகிற பஸ்ஸைப் பார்த்து, "இரத்தோட்டை பஸ் வருது" என்பார். அது இரத்தோட்டை பஸ்தான். கிட்டவும் தெரிகிறது, எட்டவும் தெரிகிறது. இது எப்படி நடக்கிறது என்று எனக்கு விளங்கவேயில்லை. ஒருவேளை நான் படித்ததெல்லாம் பொய்யோ என்றுகூட நினைத்தேன்.

அவருடைய மனைவியை நான் அக்கா என்கிற முறையில் ராத்தா என்பேன். ஒருநாள் நானா சரக்கு எடுக்க வெளியூர் போயிருந்த நேரம் பார்த்து ராத்தா என் கடைக்கு வந்தார். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, தெருவை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"தம்பி, ஊசியில நூல் கோக்க ஏலாம ஈக்கி. அரிசியில கல் தெரியுதில்ல. ஒரு கண்ணாடி வேணும். ஆனா அவருக்குத் தெரியப்படாது."

கொடுத்தேன். குசினியில் மாசிக் கருவாட்டுத் தகரத்துக்குள் ஒளித்துவைப்பதாகச் சொன்னார். புதுக் கண்ணாடிக்கு வந்த தலைவிதியைப் பாருங்கள். அதிலிருந்து ராத்தா என்னைத் தாண்டிப்போகும்போதெல்லாம் எங்கள் இருவருக்கும் மட்டும் தெரிந்த ஒரு சிரிப்பு இருக்கும்.

என் கடையின் கண்ணாடி அலுமாரியில் பிளாஸ்டிக்கில் செய்த பெரிய கண் ஒன்று இருந்தது. பாகம் பாகமாகக் கழற்றலாம். முன்னால் கண்ணாடி மாதிரி வெண்படலம், அதற்குப் பின்னால் கருவளையம், நடுவில் ஓட்டை, அதற்குப் பின்னால் வில்லை. அதற்கும் பின்னால், கண்ணின் வயிறு முழுக்க ஒரு ஜெலி. கடைசியில் உள்சுவரில் ஒட்டிய மெல்லிய தாள் மாதிரி விழித்திரை. நானா அதற்கு "உரிச்ச ரம்புட்டான்" என்று பெயர் வைத்திருந்தார். வியாபாரம் இல்லாத மத்தியானங்களில் வந்து அதைக் கழற்றிப் போட்டுவிட்டு, திரும்பப் பூட்டத் தெரியாமல் போய்விடுவார்.

அப்படி ஒரு மத்தியானம் எனக்குப் பொறுமை போய்விட்டது.

"நானா, ஒங்க கண்ணு அவ்வளவு நல்ல கண்ணுன்னா ஒரு தடவை இந்தக் கதிரையில உக்காருங்க. ஒரு கண்ணைப் பொத்திக்கிட்டு அந்த போர்டை வாசிங்க பாப்போம்."

"ஒண்ட என்ன, ரெண்டையும் பொத்திக்கொண்டு வாசிக்கிறேன்" என்று உட்கார்ந்தார்.

இடது கண்ணைப் பொத்தினார். சுவரில் தொங்கிய போர்டைக் கடைசி வரி வரை வாசித்தார். அதே கண்ணால் பேப்பரை வாசிக்கச் சொன்னேன். ஓர் எழுத்தும் தெரியவில்லை. கையை மாற்றி வலது கண்ணைப் பொத்தச் சொன்னேன். பேப்பரில் இருந்த பொடி எழுத்தெல்லாம் மணிமணியாக வந்தது. ஆனால் போர்டின் உச்சியில் சட்டி அளவு நிற்கிற முதல் எழுத்து தெரியவில்லை. போர்டே தெரியவில்லை என்றார்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. மனிதரின் வலது கண் எட்டப் பார்க்கிற கண். இடது கண் கிட்டப் பார்க்கிற கண், விழி கொஞ்சம் முட்டை மாதிரி நீண்டுபோன கண். அறுபது வருடம் இரண்டும் வேலையைப் பங்குபோட்டுக்கொண்டு ஓடியிருக்கின்றன. ஒரு கண்ணை மூடிப் பார்க்கவேண்டிய தேவை அவருக்கு வந்ததேயில்லை, அதனால் தெரியவுமில்லை. நான் சந்தோஷத்தில் இதையெல்லாம் பிளாஸ்டிக் கண்ணைக் கையில் வைத்துக்கொண்டு விளக்கினேன். "நீண்ட கண்ணுல விழித்திரை இழுபட்டு மெலிஞ்சிருக்கும் நானா. வயசாகி இந்த ஜெலி சுருங்கினா அதைப் பிடிச்சு இழுக்கும். கவனமா இருக்கணும்."

அவர் எழுந்தார். "ஒங்கட போர்டு பிழை" என்றார். போய்விட்டார். கொஞ்ச நாள் என் வாசலில் நின்று பேப்பர் வாசிக்கவில்லை.

கடைத் தெருவில் இவ்வளவு பெருமை என்றால், அவருடைய ஊரில் பெருமைக்கு வேறு காரணம் இருந்தது. ரமழான் நோன்பு தொடங்கவேண்டுமானால் முதல்நாள் அந்தியில் மேற்கு வானத்தில் தலைப்பிறையைக் காணவேண்டும். நம்பிக்கையான ஓர் ஆள் கண்டு சாட்சி சொன்னால் நோன்பு பிடிக்கலாம் என்று நானாதான் எனக்குச் சொன்னார். அவர்களுடைய ஊரில் அந்த ஆள் அவர்தான். தண்ணி டேங்க் மேட்டில் ஊர் இளசுகளெல்லாம் நின்று வானத்தைத் துழாவிக்கொண்டிருக்கும்போது, "அந்தா" என்று முதலில் கை நீட்டுகிறவர் நானா. அவர் கை நீட்டிய பிறகு மற்றவர்களுக்கும் தெரியும். பள்ளிவாசலில் தொழுகை நடத்துகிற ஹஸரத் அவருடைய வாயைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்.

அந்த வருடம், நோன்புக்குக் கொஞ்ச நாளுக்கு முன்பிருந்தே அவர் கடையில் ஈ விரட்டிக்கொண்டிருந்தார். எனக்கு ஓர் ஈயும் தெரியவில்லை. "ஒங்க கடையில எங்க நானா ஈ?" என்றேன். "இந்தா, இந்தா பறக்குது. ஒங்களுக்குக் கண்ணாடி போட்டும் தெரியுதில்லயா?" என்று என் மூக்குக்கு முன்னால் கையை வீசினார். எனக்கு ஒரு மாதிரியாக இருந்தது. கண்ணுக்குள் மிதக்கிற தூசியும் ஈ மாதிரித்தான் பறக்கும். சொல்லிப் பார்த்தேன். ரம்புட்டானைப் பற்றிப் பேசவேண்டாம் என்றார்.

பிறகு அந்த அந்தி வந்தது. நான் அங்கே இல்லை. எல்லாம் மறுநாள் தெருவில் கேட்டதுதான். மேகம் விலகின ஓர் இடத்தில், இடது பக்கமாக, பளிச்சென்று ஒரு கீற்றைக் கண்டதாக நானா கை நீட்டியிருக்கிறார். வேறு யாருக்கும் தெரியவில்லை. அவர் அல்லாஹ்வின் மேல் ஆணையிட்டுச் சொன்னார். ஹஸரத் கொழும்பில் பிறையைத் தீர்மானிக்கிற பெரிய பள்ளிவாசலுக்குப் போன் எடுத்தார். அங்கேயிருந்தவர்கள் கேட்ட கேள்விகளுக்கு நானா பதில் சொன்னார். கீற்று எந்தப் பக்கம் வளைந்திருந்தது என்றதற்கு, நெட்டுக்குத்தாக நின்றது என்றார். எவ்வளவு நேரம் என்றதற்கு, கண் சிமிட்டுகிற நேரம் என்றார். இன்றைக்குச் சூரியனுக்கு முதலே பிறை இறங்கிவிட்டது, காணவே முடியாது என்று அவர்கள் சொல்லிவிட்டார்கள். ரேடியோவில் நோன்பு நாளைக்கு இல்லை என்று அறிவித்தார்கள்.

அவருடைய ஊர் இரண்டாகப் போனது. நானா கண்டால் கண்டதுதான் என்று சில வீடுகளில் நோன்பு பிடித்தார்கள். மற்ற வீடுகளில் வழக்கம்போல் காலைச் சாப்பாடு நடந்தது. அன்றைக்குப் பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சி காய்ச்சவில்லை. கண்டவன் பிடிக்காமல் இருக்கமுடியாது என்று நானா நோன்போடு கடையில் உட்கார்ந்திருந்தார். தெருவில் டீ குடித்துக்கொண்டு போன அவருடைய ஊர்க்காரர் ஒருவர் கிளாஸை மறைத்துக்கொண்டு ஓடியது எனக்குச் சிரிப்பாகவும் இருந்தது, பாவமாகவும் இருந்தது.

ராத்தா என்னிடம் மெல்லச் சொன்னார்: "எனக்கு ஒண்டும் தெரியல்ல தம்பி. ஆனா அவர் தனிய பட்டினி கிடக்க நான் எப்படித் திங்கிற? ஒங்கட நானாட கண்ணுக்கு நானும் நோன்பு."

நான் எதை நம்புவது? அவர் பொய் சொல்கிற மனிதரில்லை. பெருமை பேசுவார், சத்தம்போடுவார், ஆனால் ஆணையிட்டுப் பொய் சொல்லமாட்டார். கொழும்பிலிருந்தவர்கள் சொன்ன கணக்கும் பொய்யாக இருக்கமுடியாது. இரண்டும் உண்மையாக இருந்தால் வானத்தில் இல்லாத ஒன்றை அவர் கண்டிருக்கிறார். அது எப்படி? இடது பக்கம் என்கிறார். இடது கண்ணுக்கு என் போர்டே தெரியாது, நிலா எப்படித் தெரியும்? கண்ணாடி துடைக்கிற துணியால் ஒரே கண்ணாடியைத் திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டு அன்றைய நாளைப் போக்கினேன்.

நோன்பு பாதி ஓடியிருக்கும். ஓர் அந்தியில் கடை அடைக்கிற நேரம், நானா எனக்கென்று கஞ்சி கொண்டுவந்தார். வருடாவருடம் நோன்பு முழுக்கத் தினமும் தருகிற கஞ்சிதான். அன்றைக்குக் கொடுத்துவிட்டுப் போகவில்லை. என் கதிரையில், அந்த போர்டுக்கு முன்னாலிருக்கிற கதிரையில், தானாகவே போய் உட்கார்ந்தார்.

"தம்பி, லைட்ட நூத்துங்க."

அணைத்தேன். கடை மங்கலானது. அவர் கண்களை இறுக மூடிக்கொண்டு, இமைக்குள்ளேயே விழிகளை இடமும் வலமும் ஓட்டினார்.

"அந்தா" என்றார், அதே குரலில்.

நான் குனிந்து அவருடைய இமைகளைப் பார்த்தேன்.

"தொழுகையில நெத்திய நிலத்தில வெக்கிற நேரம் வருது. கண்ண மூடினாலும் வருது. அதே கீத்து, அதே பக்கம். மூடின கண்ணுக்குள்ள எப்படித் தம்பி பிறை?"

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். ஜெலி விழித்திரையை இழுக்கிறது. கிழிந்தால் திரை கழன்றுபோகும், பார்வை போகும். நாளைக்கே கண்டி ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். அவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

"இப்ப டாக்டர்ட்ட போனா ஊர் என்ன செல்லும்? நானாட பிறை கண்ணு வருத்தம் எண்டு செல்லும். என்ட பேச்ச நம்பி நோன்பு பிடிச்ச ஆக்கள் ஈக்கிறாங்க. அவங்கட மொகத்த எப்படிப் பாக்குற? பெருநாள் முடியட்டும். நோன்போட கண்ணுக்கு மருந்து விடவும் ஏலாது."

"கண்ணு போயிரும் நானா!"

"கண்ணு போனா இன்னொண்டு ஈக்கி. வாக்குப் போனா?"

நான் கஞ்சியை அப்படியே வைத்துவிட்டு, அவர் வீட்டுக்குப் போய்ச் சேருவதற்குள் ராத்தாவுக்குப் போன் எடுத்துச் சொல்லிவிட்டேன்.

ராத்தா சொல்லியும் நானா அசையவில்லை. இரண்டு மூன்று நாள் போனது. பேப்பரை அவர் மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோய், பிறகு திருப்பித் திருப்பிப் பிடிப்பதைக் கண்டேன். "எழுத்துப் பிழையா அடிச்சீக்கிறாங்க, கீழ, மூக்குப் பக்கமா, எழுத்தே இல்ல" என்று முணுமுணுத்தார். திரை கழலத் தொடங்கிவிட்டது.

அன்றைக்குக் காலையில் ராத்தா கடைக்கே வந்தார். கண்ணாடி போட்டுக்கொண்டு வந்தார். மாசித் தகரத்துக் கண்ணாடி, பட்டப்பகலில், நடுத்தெருவில். நானா அவரைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இது எப்ப?"

"மூணு வருஷம். ஒங்களுக்கு முன்னுக்குப் போடாட்டியும், மூக்கில தழும்பு விழுந்தீக்கி. தெனமும் பாக்குற மொகம். நீங்க காணல்ல." ராத்தா கண்ணாடியைக் கழற்றித் தழும்பைக் காட்டினார். "ஈரக் கராம்பக் காணுவீங்க, எங்கயோ திரும்புற பஸ்ஸக் காணுவீங்க. இதக் காணல்ல. அப்பிடியெண்டா ஒங்கட கண்ணு காணாததும் ஈக்கி, இல்லாததக் கண்டதும் ஈக்கி. அதுக்கென்ன? எல்லாருட கண்ணும் அப்பிடித்தான். ஹஸரத்திட்ட கேட்டேன், கண்ணுக்கு மருந்து விட்டா நோன்பு முறியாதாம். எழும்புங்க, வேன் நிக்கிது."

நானா ராத்தாவின் மூக்கையே பார்த்துக்கொண்டு எழுந்தார். கடை பூட்டப்படாமல் கிடந்தது. நான்தான் பூட்டினேன்.

கண்டியில் அன்றைக்கே ஒப்பரேஷன் என்று முடிவாகியது. ஜெலியை எடுத்துவிட்டு, கண்ணுக்குள் காற்று மாதிரி ஒரு வாயுவை நிரப்பி, கிழிந்த திரையை ஒட்டவைத்தார்கள். அந்த வாயு திரையை அழுத்திப் பிடிக்கவேண்டுமாம். அதற்காக இராப்பகலாக முகத்தைத் தரைக்குக் காட்டியபடி கிடக்கச் சொல்லிவிட்டார்கள். நான் பார்க்கப் போனபோது, வானத்தை ஆண்ட அந்த மனிதர் கட்டிலின் விளிம்பில் நெற்றியை முட்டுக்கொடுத்துச் சீமெந்துத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நோயாளிக்கு நோன்பு விலக்கு என்று ராத்தா பக்கத்தில் அவருக்குத் தோடம்பழம் உரித்துக்கொண்டிருந்தார். "மேல பாத்தது போதும், கொஞ்சம் கீழயும் பாக்கட்டும்" என்றார். அழுகையும் சிரிப்பும் ராத்தாவுக்கு ஒன்றாகவே வந்தது. எனக்கும்தான்.

டாக்டர் நல்ல மனிதர். தான் சிங்களத்தில் அவரிடம் கேட்டதை நானா எனக்குத் தமிழில் சொன்னார், தரையைப் பார்த்தபடியே.

"கேட்டேன் தம்பி, என்ட கண்ணு ஏன் பொய் சென்ன எண்டு. பொய் செல்லல்லயாம். அந்தத் திரைக்கு நோவு தெரியாதாம். வெளிச்சம் எண்ட ஒரே சொல்தான் தெரியுமாம். இழுத்தாலும் வெளிச்சம், கிழிச்சாலும் வெளிச்சம் எண்டுதான் செல்லுமாம். பாவம், அது நோவுது எண்டு கத்தியீக்கி. நான் பிறை எண்டு விளங்கிக்கொண்டேன்."

பெருநாள் எல்லாருக்கும் ஒரே நாளில்தான் வந்தது. நானாவை நம்பிய சில வீட்டார் மட்டும் ஒரு நோன்பு கூடுதலாகப் பிடித்திருந்தார்கள். நிமிர்ந்து நடக்க விட்டவுடன் ஒரு வெள்ளிக்கிழமை, தொழுகை முடிந்து யாரும் எழும்புவதற்கு முன், அவரே பள்ளியில் எழுந்து நின்று சொன்னாராம்: நான் கண்டேன், ஆனால் அது வானத்தில் இல்லை, என்ட கண்ணுக்குள்ள, என்னை மன்னிச்சுக்கொள்ளுங்க என்று. பிறகு அவரை நம்பி நோன்பு பிடித்தவர்களில் ஒருவர், "ஒரு நாள் பசிச்சா ஆரும் செத்துப்போறல்ல நானா, இருங்க" என்றாராம். இதைச் சொல்லும்போது நானா மூக்கைச் சிந்தினார்.

இடது கண் முழுக்கத் திரும்பவில்லை. பேப்பர் வாசிக்கக் கண்ணாடி தேவைப்பட்டது. நான்தான் கொடுத்தேன். அதைப் போட்டுக்கொண்டு என் வாசலில் நின்று, வருகிறவர்களிடம், "நல்ல கடை, ஆனா போர்டு பிழை" என்று சொல்லத் தொடங்கினார். நான் கைவிட்டுவிட்டேன்.

அடுத்த வருடம் பிறை பார்க்கிற அந்தியில் என்னையும் இழுத்துக்கொண்டு தண்ணி டேங்க் மேட்டுக்குப் போனார். ஊர் ஆட்கள் நிறையப் பேர் நின்றார்கள். யாரும் அவருடைய வாயைப் பார்க்கவில்லை. பார்க்காதது போல நின்றார்கள் என்பதுதான் சரி. நானா கூட்டத்தின் பின்னால், என் தோளைப் பிடித்தபடி நின்றார். மேற்கில் மலைக்கு மேலே செம்மஞ்சள் வெளிறிக்கொண்டிருந்தது. நான் பார்த்தேன், எனக்கு மேகம்தான் தெரிந்தது.

திடீரென்று என் தோளிலிருந்த அவருடைய கை இறுகியது. கை நீட்டப் போகிறார் என்று நினைத்தேன். நீட்டவில்லை. கண்களை மூடினார். மூடிய கண்ணுக்குள் விழிகளை இடமும் வலமும் ஓட்டினார். பிறகு திறந்தார். திரும்ப மூடினார். திரும்பத் திறந்தார். கன்னத்தில் கண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது.

"மூடினா இல்ல தம்பி" என்றார், எனக்கு மட்டும் கேட்கும்படி. "மூடினா இல்ல."

"அப்ப சொல்லுங்க நானா. சத்தமாச் சொல்லுங்க!"

அவர் தலையை ஆட்டினார். பக்கத்தில் கண்ணாடி போட்டுக்கொண்டு நின்ற ஓர் ஊர்க்காரரிடம் குனிந்து, என் வாழ்நாளில் அவர் வாயிலிருந்து நான் கேட்டிராத ஒரு கேள்வியைக் கேட்டார்.

"அந்த ரெண்டு மேகத்துக்கு நடுவால கொஞ்சம் பாருங்களேன். ஒங்களுக்கு ஏதாச்சும் தெரியுதா?"